தண்ணீர் நிற்காத தெரு

மண்டபத்து வாசலிலேயே ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பொட்டு போல வட்டமாக இருந்தது, பின்பக்கத் தாளை உரித்தால் ஒட்டிக்கொள்ளும். இந்த வருஷம் நகராட்சி எந்த வேலையை முதலில் எடுக்க வேண்டும் என்பதை ஊர்மக்களே முடிவு செய்யப்போகிறார்களாம். சுவரைச் சுற்றி அட்டைகள் மாட்டியிருந்தன. எது முக்கியமோ அதில் ஒட்டலாம். மூன்றையும் ஒன்றிலேயே ஒட்டினாலும் சரி, பிரித்து ஒட்டினாலும் சரி. மைக்கைப் பிடித்திருந்த பெண் இதைச் சிரித்த முகத்தோடு நாலு தரம் சொல்லிவிட்டாள். "உங்க குரல்தான் எங்களுக்கு வழிகாட்டி" என்றும் சொன்னாள்.

தையல்கார அக்காவுக்கு அந்தத் தேன் ஒழுகும் பேச்செல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு பம்ப்.

பூங்காவுக்கு ஊஞ்சல், சந்தைக்குக் கழிப்பறை, நூலகத்துக்குக் கூரை, தெருமுனைகளுக்கு விளக்கு என்று ஒவ்வொரு அட்டையிலும் வண்ணப் படம் போட்டிருந்தார்கள். பம்ப்புக்கு மட்டும் படம் இல்லை. குடிதண்ணீர் கேன் வைத்திருந்த மேஜைக்குப் பின்னால், எட்டிப் பார்த்தால்தான் தெரிகிற மூலையில், "கடைசித் தெரு மழைநீர்ப் பம்ப்: மாற்றி அமைத்தல்" என்று வெறும் எழுத்தில் இருந்தது. அவள் மேஜையை இடுப்பால் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து மூன்றையும் அதிலேயே ஒட்டினாள். நெருக்கி ஒட்டினால் எண்ணுகிறவன் ஒன்றென்று நினைத்துவிடுவானோ என்று தள்ளித் தள்ளி ஒட்டினாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள் அவள். பொத்தானுக்கு இடம் விடுகிற மாதிரி அளவாக விட்டு ஒட்டினாள்.

அவர்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. மேட்டுத் தெருக்களில் பெய்கிற மழையெல்லாம் விருந்தாளி மாதிரி வந்து, வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதை இறைத்துக் கால்வாயில் தள்ளுவதற்காக நகராட்சி ஒரு காலத்தில் தெருக்கோடியில் பம்ப் அறை கட்டி, அதற்கு ஓர் ஆளையும் போட்டிருந்தது. அந்த ஆள் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு இன்னொருவர் வரவில்லை. எழுதிப் போட்ட மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல். அந்த வருஷம் முழங்கால் தண்ணீரில் தெருவே கட்டிலின் மேல் குடியிருந்தபோது, அவளுடைய தம்பிதான் போய்ப் பூட்டை உடைத்தான். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன், ஒரு மோட்டார் சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவனால் இருக்க முடியாது. உடைத்த பூட்டுக்குப் பதிலாக ஒரு புதுப் பூட்டைத் தன் காசில் வாங்கி மாட்டினான்.

அன்று பிடித்தது சனியன். அதற்குப் பிறகு மூன்று மழைக்காலமும் அவன்தான் இறங்கினான். இடுப்பளவுக் குழிக்குள் நின்று, சல்லடையை அடைக்கும் குப்பையைக் கையால் வாரிப் போட்டு, வால்வைத் திருகி, நனைந்த உடம்போடு மேலே ஏறிச் சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும். ஒரு சம்பளம் இல்லை, ஒரு கையுறை இல்லை. தெருக்காரர்கள் அவனுக்குப் "பம்ப்பு" என்று செல்லப் பெயர் வைத்தார்கள். கிடைத்தது அது ஒன்றுதான்.

போன மழையில் கரண்ட் அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியது மடங்கியதுதான், இன்றுவரை நிமிரவில்லை. சூடு தெரியவில்லை என்று டீ டம்ளரை இடது கையால்தான் பிடிக்கிறான். "இது எச்சரிக்கைன்னு வச்சுக்குங்க. அடுத்த தடவை எச்சரிக்கை இருக்காது" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா அம்மா போய், கட்டினவனும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு என்று மிச்சம் இருப்பது இந்த ஓர் உயிர். அது மழை வந்தால் குழியில் இறங்குகிறது. மழைக்காலம் வாசலில் வந்து நிற்கிறது.

டீ கொடுத்த பிறகு முடிவை வாசித்தார்கள். பூங்கா ஊஞ்சல் முதலிடம். தெருவிளக்கு இரண்டாவது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். வாசித்துக்கொண்டே போய்க் கடைசியில் மைக் பெண் சொன்னாள்: "கடைசித் தெரு பம்ப், மூன்று."

அதற்கும் கை தட்டினார்கள். தட்டிப் பழகிய கை.

மூன்று. அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மூன்றும் அவள் ஒட்டியது. இரண்டு வரிசை நிறைய அவர்கள் தெரு உட்கார்ந்திருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் இருக்கிறார், மாடி வீட்டம்மா இருக்கிறாள், பக்கத்து நாற்காலியில் அவள் தம்பியே இருக்கிறான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நேராக மேடைக்குப் போனாள். திட்ட அதிகாரி லேப்டாப்பை மூடப் போனவர், இவளைக் கண்டதும் மூடாமல் விட்டார்.

"சார், அந்தப் பம்ப்பை இப்படிக் கடைசியில தள்ளிட்டீங்களே."

"நாங்க எங்கம்மா தள்ளினோம்? மக்கள் என்ன சொல்றாங்களோ அதைத்தான் செய்றோம். உங்க தெருக்காரங்களே அதைக் கேக்கலையே."

"அவங்க கேக்கலைன்னா? பம்ப்பு கெட்டுக் கிடக்குது சார்."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க. மூணு வருஷமா உங்க தெருவுல தண்ணி நின்னதா ஒரு புகார் இல்ல. ஒண்ணுகூட இல்ல. பச்சைக் கலர் போட்டிருக்கோம், பாருங்க."

"என் தம்பி உசிரைக் குடுத்து இறைக்கிறான். அதனால நிக்கல."

"அப்போ பம்ப் ஓடுதுதானே?"

ஓடவில்லை என்றால் பொய். ஓடுகிறது என்றால் தம்பியைக் குழியில் தள்ளுகிற மாதிரி.

"ஓடுது. ஆனா..."

"ஓடுற பம்ப்பை எதுக்கும்மா மாத்தணும்? ஓடாம எத்தனையோ இடத்துல ஜனங்க தவிக்கிறாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை.

கத்துகிறவனோடு கத்தலாம். திட்டுகிறவனைத் திட்டலாம். இப்படிச் சாந்தமாக நியாயம் பேசுகிறவனை என்ன செய்வது? அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே பிள்ளையின் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டு நிற்பவன் அவளுடைய தம்பி.

திரும்பி வரும் வழியில் தெருக்காரர்களுக்கு ஒரே குஷி. முனை விளக்கு இனி எரியும் என்றார் போஸ்ட்மாஸ்டர். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும் அவர் இன்னும் போஸ்ட்மாஸ்டர்தான், எதையும் முத்திரை குத்துகிற மாதிரிதான் பேசுவார். பேத்தி ஊஞ்சல் ஆடுவாள் என்றாள் மாடி வீட்டம்மா. அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"ஏன் சார், உங்க மூணையும் எதுல ஒட்டினீங்க?"

"ரெண்டு விளக்கு, ஒண்ணு நூலகம். ஏம்மா?"

"நீங்க?"

"ஊஞ்சல்லதான் அக்கா" என்றாள் மாடி வீட்டம்மா. "மூணும்."

"பம்ப்பு ஞாபகம் வரலையா ஒருத்தருக்கும்?"

போஸ்ட்மாஸ்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் கொடுமை. "அதுக்குத்தான் நம்ம பம்ப்பு இருக்கானே! அவன் கை பட்டா ஓடாத மோட்டாரும் ஓடும். கிடைக்கிற ஓட்டை ஏன் அதுல வீணாக்கணும்?"

தம்பி வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். மடங்கின விரல்களோடுதான் சொறிந்தான். யாரும் அதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். தைத்து முடித்த நீலக் கால்சட்டைகளும் வெட்டிப் போட்ட துணிக்கட்டுகளும் தரையெல்லாம் கிடந்தன. அவள் தையல் மெஷினின் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ எதுல ஒட்டினே?"

"விடுக்கா."

"எதுல ஒட்டினேடா?"

"சந்தைக்குக் கக்கூஸ். பாவம், பொம்பளைங்க காய் விக்கிறாங்க, போறதுக்கு இடம் இல்ல."

"மூணுமா?"

"மூணுந்தான். பம்ப்பை நான் பாத்துக்கறேனேக்கா."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. கையில் அகப்பட்ட நூல்கண்டைத் தூக்கி எறிந்தாள். அது அவன் மார்பில் பட்டு விழுந்து உருண்டது. அவன் அதைக் குனிந்து எடுத்து இடது கையால் சுற்ற ஆரம்பித்தான்.

"உன்னை மாதிரி ஒரு இளிச்சவாயனை நான் பாத்ததே இல்லடா. குனியக் குனியக் குட்டுறாங்க, நீ தலையை வாகாக் காட்டிட்டு நிக்கிறே. நாளைக்கு நீ அந்தக் குழியில செத்துக் கெடந்தா, 'ஐயோ, இனிமே மோட்டாரை யாரு போடுவா'ன்னுதான் கேப்பாங்க. 'நல்ல பையன்'னு அப்புறமா சொல்லுவாங்க."

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்கக்கா."

"மூணு ஓட்டுடா! மூணு! என்னோடது மட்டும்!"

ஆணியில் மாட்டியிருந்த பம்ப் அறைச் சாவியை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். இனி மழை வந்தால் நீ இறங்கக் கூடாது, இறங்கினால் என்னை உயிரோடு பார்க்க மாட்டாய் என்றாள். அவன் அதை நம்பவில்லை. அக்காவின் கோபம் அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, இறக்கி வைத்தால் அடங்கிவிடும் என்று அவன் எண்ணம். இத்தனை வருஷமும் அப்படித்தான் அடங்கியும் இருந்தது.

மழை ஒரு காலை நேரத்தில் பிடித்துக்கொண்டது. முதலில் தூறல், அப்புறம் கொட்டு கொட்டு என்று கொட்டியது. மதியத்துக்குள் தெருக்கோடியில் தண்ணீர் தேங்கி, சைக்கிள் சக்கரத்தின் அச்சைத் தொட்டது. தம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இப்போ போட்டா சீக்கிரம் வடிஞ்சுடும். லேட்டானா சுவிட்ச் போர்டு வரைக்கும் ஏறிடும். அப்புறம் கிட்டவே போக முடியாது."

"போக வேணாம்னுதானே சொல்றேன்."

"சாவியைக் குடுக்கா."

அவள் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு உள்பக்கமாக நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்தாள். தம்பி முப்பது வயது தாண்டியவன், அவளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. அக்காவை இடித்துத் தள்ளுகிற கை அவனுக்கு இல்லை. அந்த ஒன்றை நம்பித்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. "பம்ப்பு! டேய் பம்ப்பு! தூங்கறியா?" போஸ்ட்மாஸ்டர் குரல். பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள்.

அவள் ஜன்னலைத் திறந்தாள். முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் தண்ணீரில் நின்றார். மாடி வீட்டம்மா குடையோடு நின்றாள்.

"அவன் வர மாட்டான் சார்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாருக்கு. அப்படியே இருக்கணும்னுதான் அனுப்பல. நகராட்சிக்குப் போன் போடுங்க."

"அவங்க எப்போம்மா வந்து..."

"போடுங்க சார். எல்லாரும் போடுங்க. நான் காலையிலிருந்து போட்டுக்கிட்டு இருக்கேன், எனக்கு மட்டும் என்ன வேண்டுதலா?"

போஸ்ட்மாஸ்டர் அங்கேயே நின்று போன் போட்டார். ரொம்ப நேரம் பாட்டு கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது. அவர் தெருப்பெயரைச் சொன்னார், திரும்பவும் சொன்னார். அவர் முகம் மாறுவதை அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"நம்ம தெரு தண்ணி தேங்குற இடமே இல்லையாம். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்காம். முதல்ல மத்த இடத்தைப் பாத்துட்டு வருவாங்களாம்."

"நல்லா இருக்கா கேக்கறதுக்கு?"

"இது பேசற நேரமா? என் வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. என் வீட்டுக்காரி முட்டி வலிக்காரி, கட்டில்ல கெடக்கறா. உன் பிடிவாதத்துக்கு ஒரு தெருவே முழுகணுமா?"

அவளுக்குள் பொங்கியது. ஆனால் குரல் தெளிவாகவே வந்தது. "அவங்களை மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. நாலு ஆம்பளைங்க நிக்கிறீங்க, கட்டிலோட தூக்கலாம். கேஸ் சிலிண்டரை மூடுங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க. சாமானை மேல ஏத்துங்க. அதுக்கெல்லாம் என் தம்பி வேணாம்."

தூக்கினார்கள். வேறு என்ன செய்வது? அதற்குள் அவள் வீட்டு வாசற்படியையும் தண்ணீர் தாண்டிவிட்டது. தம்பி துணிக்கட்டுகளை அள்ளி அள்ளி அலமாரி மேல் வைத்தான். அடியில் இருந்த கட்டு நனைந்து, நீலச் சாயம் தண்ணீரில் இறங்கியது. அது பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய துணி. அவள் அதைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

"அக்கா, உன் துணியெல்லாம் போகுது."

"போகட்டும்."

"சாகற அளவுக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் ஜாக்கிரதையாத்தான்..."

"வாயை மூடு."

மறுபடி கதவு. இந்தத் தடவை போஸ்ட்மாஸ்டர் தட்டவில்லை, இடித்தார். ஈரத்தில் மூச்சு வாங்கியது அவருக்கு. "சரி, அவனை நீ அனுப்ப வேணாம். சாவியைக் குடு. நானே போறேன். ஒரு சுவிட்சைப் போடறதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?"

அவள் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். சாவியை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள்.

"இந்தாங்க."

தம்பி பதறிப்போனான். "அக்கா! அவருக்கு ஒண்ணும் தெரியாது! தண்ணி போர்டுகிட்ட வந்திருக்கும்!"

"தெரிஞ்சுக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவர் நாலடி போவதற்குள் நாற்காலியைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். "நீ வெளியே கால் வச்சே, கொன்னுடுவேன்" என்று தம்பியிடம் சொல்லி, வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு இறங்கினாள். புடவையைத் தொடைவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். ஒற்றைச் செருப்பும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அவர்களைத் தாண்டி மிதந்து போயின.

போஸ்ட்மாஸ்டர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார்.

"தொடாதீங்க!" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள். "பாருங்க, தொடாதீங்க. வெளியவே நில்லுங்க."

அவர் பார்த்தார். பக்கத்தில் நின்று அவளும் பார்த்தாள். உள்ளே குழி இருந்த இடமே தெரியவில்லை. கறுத்த தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையெல்லாம் பரவியிருந்தது. அதில் பையும் பாட்டிலும் செத்த எலியும் சுற்றிக்கொண்டிருந்தன. எதிர்ச் சுவரில், தண்ணீருக்குச் சாணளவு மேலே, மூடி இல்லாத சுவிட்ச் போர்டு. சுவர் ஊறி, போர்டின் மேல் நீர் வழிந்துகொண்டிருந்தது. தோல் உரிந்த ஒயர் ஒன்று வளைந்து தண்ணீருக்குள் போயிருந்தது. தம்பி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடங்கள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. போர்டுக்குப் பக்கத்துச் சுவரில், தலை உயரத்தில், காரை பெயர்ந்த ஓர் இடம் இருந்தது. அது போன மழையில் அவன் மோதிய இடம்.

போஸ்ட்மாஸ்டர் மூன்று மழைக்காலம் இந்தத் தெருவில் இருந்திருக்கிறார். ஒரு தடவைகூட இந்தக் கதவுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. மோட்டார் சத்தம் கேட்டதும் "ஆ, போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். தெருவே அப்படித்தான்.

"இதுலயா இறங்குவான்?" என்றார்.

"இதுலதான்."

"இடுப்பு வரைக்கும்?"

"இடுப்பு வரைக்கும். அப்புறம் அந்த ஈரக் கையால அதைத் தூக்கிப் போடணும். போடறீங்களா? சாவி உங்க கையிலதான் இருக்கு."

அவர் கதவைச் சாத்தினார். பூட்டும்போது சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவள் வாங்கிப் பூட்டினாள். பரிதாபப்பட வேண்டிய வயசுதான் அவருக்கு, ஆனால் அவளுக்குப் பரிதாபம் வரவில்லை.

"கிடைக்கிற ஓட்டை ஏன் வீணாக்கணும்னு கேட்டீங்களே சார்" என்றாள்.

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்துத் தண்ணீரில் நடந்தார்.

அன்று தண்ணீர் வடியவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடிகளில் ஏறிக்கொண்டார்கள். மாடி வீட்டம்மாவின் கூடத்தில் பாயை விரித்து, போஸ்ட்மாஸ்டரின் மனைவியை நடுவில் படுக்கவைத்து, சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். போஸ்ட்மாஸ்டர் தான் பார்த்ததை எல்லாருக்கும் சொன்னார். மெதுவாக, முத்திரை குத்தாமல் சொன்னார். பிறகு ஒவ்வொருவரும் போனை எடுத்தார்கள். பாட்டு கேட்டார்கள், தெருப்பெயர் சொன்னார்கள், வைத்தார்கள், திரும்ப எடுத்தார்கள். தம்பி ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். தன்னால்தான் மழை பெய்தது என்பதுபோல ஒரு குற்றவாளி முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை மழை விட்டு வெயில் வந்தது. திட்ட அதிகாரி முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே படம் எடுக்க ஓர் ஆள். தெருமுனையிலேயே நின்று நாலா பக்கமும் பார்த்தார். மாடிப்படியில் எல்லாரும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அங்கே வந்தார்.

"என்னங்க இது? இந்தத் தெருவுல இப்படி ஆனதே இல்லையே! மூணு வருஷமா நல்லாத்தானே இருந்துச்சு? இந்தத் தடவை என்ன ஆச்சு?"

"இந்தத் தடவை என் தம்பி உக்காந்துட்டான்" என்றாள் அக்கா.

அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார், சமாளிப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம். "பாருங்கம்மா, இதையெல்லாம் அன்னிக்கே மண்டபத்துல நீங்க எல்லாருமாச் சேர்ந்து சொல்லியிருக்கணும். சரி, விடுங்க. புது பம்ப்புக்கு உடனே எழுதிப் போடறேன். ஆனா அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு, நாள் ஆகும். இப்போதைக்கு..." படிகளில் கண்ணை ஓட்டினார். "யாருங்க அந்தப் பம்ப் போடறவரு? தம்பி, நீங்களா? இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் போட்டு விட்டுடுங்களேன். தண்ணி வேற குறைஞ்சிருக்கு. நீங்க போட்டா ஓடும்னு சொல்றாங்க."

தம்பி எழுந்துவிட்டான்.

கூப்பிட்டால் எழுகிற பழக்கம். லுங்கியை மடித்துக் கட்டக்கூடத் தொடங்கிவிட்டான், அந்த மடங்கிய விரல்களோடு. அக்கா நாலு படி கீழே இருந்தாள். அவனைப் பிடிக்கக் கை எட்டாது.

போஸ்ட்மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி அவன் லுங்கியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"உக்காருப்பா."

"இல்ல சார், ஒரு நிமிஷ வேலைதான்..."

"உக்காருடான்னா!"

மாடி வீட்டம்மாவும் சொன்னாள். பின்னால் இன்னும் யாரோ சொன்னார்கள். தம்பி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான். உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவது என்று தெரியாதவன்போல விழித்தான். பிறகு உட்கார்ந்தான்.

"அப்போ தண்ணி எப்படிங்க வடியும்?" என்றார் அதிகாரி. முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றாள் அக்கா. "மக்கள் சொல்றதைத்தான் செய்வீங்கன்னீங்களே. சொல்லியாச்சு."

அவர் ஒதுங்கிப் போய்ப் போனில் பேசினார். நேற்று முழுக்கத் தெருவே போட்டும் கிடைக்காத ஆள் அவருக்கு உடனே கிடைத்தான்.

மதியத்துக்குள் பம்ப் லாரி வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். தலையில் ஹெல்மெட், தோள்வரை ரப்பர் கையுறை, இடுப்புவரை பூட்ஸ். அவர்கள் பம்ப் அறைப் பக்கமே முதலில் போகவில்லை. ஒருவன் மின்வாரியத்துக்குப் போன் பண்ணிக் கம்பத்தில் கரண்ட்டை நிறுத்தச் சொன்னான். நிறுத்தியாகிவிட்டது என்று பதில் வந்த பிறகும், இன்னொருவன் ஒரு சோதனைக் கருவியைக் கம்பியில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். அதற்கப்புறம்தான் அக்காவிடம் சாவி கேட்டார்கள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லாரியிலிருந்து குழாயைப் போட்டு வெளியிலிருந்தே உறிஞ்சினார்கள்.

"இந்தப் போர்டைத் தொட்டு ஓட்டிக்கிட்டு இருந்தவன் எவன்யா?" என்று அவர்களில் மூத்தவர் திரும்பிக் கேட்டார். "அவன் உசிரோட இருக்கானா?"

தெரு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது.

மண்டபத்திலும் அழாதவள், துணி போனபோதும் அழாதவள், அங்கே தண்ணீரில் நின்று அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். நான்கு பேர், ஒரு லாரி, அத்தனை கையுறை, நிறுத்திய கரண்ட். இவ்வளவும் இந்த ஊரில் இருந்திருக்கிறது. மூன்று வருஷமும் இருந்திருக்கிறது.

முகத்தைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் போனாள். அவன் அந்த நான்கு பேரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியாடா, வந்ததும் முதல்ல என்ன பண்ணாங்க?"

"கரண்ட்டை நிறுத்தினாங்கக்கா" என்றான் அவன். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டான்.